தருமபுரிக்கு வரிச்சலுகை கொடுத்தால் ஆலை வந்துவிடுமா?

"எங்க மாவட்டத்துக்கு மட்டும் பத்து வருஷம் கம்பெனி வரியைத் தள்ளுபடி பண்ணச் சொல்லுங்க, அப்புறம் பாருங்க, பெங்களூர் போற பஸ்ஸெல்லாம் காலியா ஓடும்." இந்தப் பேச்சை அரூரில் கேட்டிருக்கிறேன், பென்னாகரத்தில் கேட்டிருக்கிறேன், தேர்தல் நேரத்தில் மேடையிலும் கேட்டிருக்கிறேன். சொல்பவர்களின் ஆதங்கம் நியாயமானது. பன்னிரண்டாவது முடித்த பையன் கட்டட வேலைக்குப் பெங்களூருக்கும் பனியன் வேலைக்குத் திருப்பூருக்கும் போகிற ஊர்களில், சொந்த மாவட்டத்திலேயே நாலு ஆலை வரவேண்டும் என்று கேட்பதில் என்ன தப்பு? ஆனால் கேட்கிற பொருள் சரிதானா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். ஓசூரில் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் சின்னப் பட்டறை ஒன்றின் கணக்கை நான் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். லாபத்தின் மேல் போடும் வரி யாரைத் தொடுகிறது, யாரைத் தொடுவதே இல்லை என்பது அந்தக் கணக்குப் புத்தகத்திலேயே தெரிகிற விஷயம்.

முதலில், பலரும் மறந்துபோன ஒன்று. அந்தச் சலுகை நமக்கு ஏற்கெனவே ஒருமுறை கிடைத்திருக்கிறது.

1974-இல் வருமான வரிச் சட்டத்தில் 80 ஹெச்.ஹெச். என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். தொழிலில் பின்தங்கிய பகுதிகள் என்று ஒரு பட்டியல் போட்டு, அந்தப் பகுதிகளில் புதிதாக ஆலை தொடங்கினால் லாபத்தில் 20 சதவீதத்தைப் பத்து ஆண்டுகளுக்குக் கழித்துக்கொண்டு மீதிக்கு மட்டும் வரி கட்டலாம் என்றார்கள். 1970 முடிந்தபிறகு தொடங்கி 1990 மார்ச்சுக்குள் உற்பத்திக்கு வந்த ஆலைகளுக்கு இது பொருந்தியது. அந்தப் பட்டியலில் அன்றைய தருமபுரி மாவட்டமும் இருந்தது. கம்பெனி வரி விகிதமே பாதிக்கு மேல் இருந்த காலம் அது. அதனால் நூறு ரூபாய் லாபத்தில் ஏறக்குறைய பத்துப் பதினோரு ரூபாய் மிச்சமாகும். சின்னத் தொகை இல்லை.

இப்போது அன்றைய மாவட்டத்தின் வரைபடத்தை மனதில் வையுங்கள். கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது 2004 பிப்ரவரியில்தான். அதற்கு முன் ஓசூர், தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி, பாலக்கோடு, பென்னாகரம், அரூர் எல்லாமே ஒரே தருமபுரி மாவட்டம். சட்டப் புத்தகத்தில் எல்லாருக்கும் ஒரே சலுகை, ஒரே விகிதம், ஒரே பத்து ஆண்டு. என்ன நடந்தது? ஓசூருக்கு 1980-இல் அசோக் லேலண்ட் வந்தது, அதே ஆண்டில் அங்கிருந்து டி.வி.எஸ். 50 மொபெட் வெளியே வந்தது, 1987-இல் டைட்டன் கைக்கடிகாரம் வந்தது, அவற்றைச் சுற்றி நூற்றுக்கணக்கான உதிரிபாகப் பட்டறைகள் முளைத்தன. அரூருக்கும் பென்னாகரத்துக்கும் அதே சட்டம் அதே தேதியில் பொருந்தியது. அங்கே அந்த அளவில் எதுவும் வரவில்லை.

ஒரே வரி, இரண்டு விதமான விளைவு. இதைவிடத் தெளிவான சான்று எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை. வரிதான் ஆலையைக் கொண்டுவந்தது என்றால் அது மாவட்டம் முழுக்க அங்கங்கே பரவியிருக்க வேண்டும். எல்லை ஓரத்தில் ஒரே ஊரில் குவிந்திருக்காது.

அப்படியானால் ஓசூருக்கு எதுதான் வந்து சேர்ந்தது? முதலாவது தூரம். பெங்களூருக்கு 40 கிலோமீட்டர். ஹெச்.எம்.டி., பி.இ.எல்., ஹெச்.ஏ.எல். போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் இருந்ததால் அங்கே மெஷின் தெரிந்த ஆட்களும், டூல் ரூம்களும், சப்ளையர்களும் ஏற்கெனவே இருந்தார்கள். மேனேஜர் குடும்பத்தோடு பெங்களூரில் குடியிருந்துகொண்டு காலையில் ஓசூருக்கு வந்து போகலாம், பென்னாகரத்துக்கு அப்படி வர முடியாது. இரண்டாவது, 1970-களிலேயே தமிழ்நாடு அரசின் சிப்காட் நிறுவனம் நிலத்தை எடுத்து, ரோடு போட்டு, தண்ணீரும் மின்சாரமும் கொண்டுவந்து மனையாகப் பிரித்து வைத்திருந்தது. ஆலை கட்ட வருபவன் ஐம்பது விவசாயிகளிடம் தனித்தனியாகப் பேரம் பேச வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் இதை நம்ம ஊர்க்காரர்களே அதிகம் பேசுவதில்லை. டைட்டன் 1984-இல் டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம். அரசு வரியைத் தள்ளுபடி செய்து வரவழைத்ததல்ல, கூட்டாளியாகப் பணம் போட்டுக் கூடவே நின்றது. இன்றைக்கும் அதில் டிட்கோவின் பங்கு 27.88 சதவீதம், டாடா குழுமத்தின் பங்கைவிடக்கூட அதிகம். சுற்றுவட்டாரத்தில் பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைகளை எடுத்து, கடிகாரம் கோர்க்கும் நுணுக்கமான வேலையைச் சொல்லிக்கொடுத்து வளர்த்த ஆலை அது. வரியை விட்டுக்கொடுத்திருந்தால் அரசுக்கு அந்தத் தொகை போனது போனதுதான், பங்கு வாங்கியதால் இன்றுவரை டிவிடெண்ட் வருகிறது. ஒரு மாநிலம் தன் பின்தங்கிய மாவட்டத்துக்காக எடுத்த மிகச் சிறந்த முடிவுகளில் இது ஒன்று என்று நான் நினைக்கிறேன்.

சரி, இப்போது வரிக்கே வருவோம். மாவட்டத்துக்கோ மாநிலத்துக்கோ கம்பெனி வரியைக் குறைக்க வேண்டும் என்றால் யார் குறைப்பது? சென்னையில் இருக்கும் அரசால் முடியாது. அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில், ஒன்றியப் பட்டியலின் 85-ஆவது இனமாக இந்த வரி இருக்கிறது. விதிப்பது டெல்லி, வசூலிப்பது டெல்லி, விகிதத்தை மாற்றுவதும் டெல்லிதான். மாநிலங்களுக்கு நிதி ஆணையம் சொல்லும் பங்கு வரும், அதுவும் எந்த ஊரில் லாபம் சம்பாதிக்கப்பட்டது என்று பார்த்து வருவதில்லை.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கும், இருந்தாலும் போடுவோம். ஓசூரில் ஒரு கம்பெனி நூறு ரூபாய் லாபம் காட்டுகிறது. புதிய விகிதத்தில் அடிப்படை வரி 22 ரூபாய், அதன் மேல் சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்ந்து 25 ரூபாய் 17 காசு ஆகிறது. அந்த மேல்வரி 3 ரூபாய் 17 காசு மாநிலங்களோடு பகிரப்படுவதே இல்லை. மீதி 22 ரூபாயில் 41 சதவீதம், அதாவது சுமார் 9 ரூபாய், எல்லா மாநிலங்களுக்குமான பொதுப் பானைக்குப் போகிறது. 2021-26-க்கான 15-ஆவது நிதி ஆணையத்தின் கணக்கில் அந்தப் பானையில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம். ஆக, ஓசூர் மண்ணில் சம்பாதித்த நூறு ரூபாய் லாபத்தில் கம்பெனி வரி வழியாகத் தமிழ்நாட்டுக்கு வருவது ஏறக்குறைய 37 காசு.

வைத்திருப்பதே 37 காசு என்றால் அதில் எதைக் குறைத்து எந்த ஆலையை அழைப்பது? டெல்லி தன் பணத்தை விட்டுக்கொடுக்க வேண்டும், இல்லையென்றால் "இழப்பை நீங்களே கட்டுங்கள்" என்று மாநிலத்திடம் சொல்ல வேண்டும். இரண்டாவது வழி எப்படி இருக்கும் என்று பார்க்க நமக்கு ஒரு வெளிநாட்டு உதாரணம் இருக்கிறது.

வடக்கு அயர்லாந்து பிரிட்டனின் ஒரு பகுதி. அரசு வேலையை அதிகம் நம்பியிருக்கும் இடம், தனியார் தொழில் மெலிவு. அதை ஒட்டி எல்லைக்கு அந்தப் பக்கம் அயர்லாந்து குடியரசு, அங்கே 2003 முதல் கம்பெனி வரி 12.5 சதவீதம். நியூரி என்ற ஊரில் நின்றால் சிறிது தூரத்தில் பாதி வரி. அதனால் எங்களுக்கும் வரியைக் குறைக்கும் அதிகாரம் கொடுங்கள் என்று அவர்கள் பல வருடம் கேட்டார்கள். 2015-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது, 2018 ஏப்ரலிலிருந்து 12.5 சதவீதம் என்று தேதியும் குறித்தார்கள்.

இன்றுவரை அது நடைமுறைக்கு வரவில்லை. 2017 ஜனவரியில் அங்கே கூட்டணி அரசு கவிழ்ந்தது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் பணம். போர்ச்சுகலுக்குச் சொந்தமான அசோர்ஸ் தீவுகள் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2006-இல் ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தது. ஒரு பகுதி தன் வரியைக் குறைத்தால் அதனால் வரும் இழப்பை அந்தப் பகுதியே தாங்க வேண்டும், மைய அரசு பின்வாசல் வழியாக ஈடுகட்டக் கூடாது என்று. அதன்படி வடக்கு அயர்லாந்து வரியைக் குறைத்தால் லண்டனிலிருந்து வரும் மானியத்தில் ஆண்டுதோறும் சில நூறு மில்லியன் பவுண்டு வெட்டப்படும். அந்தப் பணம் எங்கிருந்து எடுக்கப்படும்? பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. ஆலை வருவதற்குப் பல ஆண்டுகள் ஆகும், வெட்டு முதல் வருடமே விழும். அதற்கிடையில் பிரிட்டன் முழுக்கவே வரியை 2017-இல் 19 சதவீதத்துக்கு இறக்கிவிட்டதால் அந்த அவசரமும் தணிந்துபோனது. பிறகு 2023-இல் 25-க்கு ஏற்றினார்கள், அயர்லாந்தும் 2024 முதல் பெரிய நிறுவனங்களுக்கு 15 சதவீதம் ஆக்கியது. பத்து வருடத்தில் இரண்டு பக்கமும் விகிதம் மாறிவிட்டது. இருபது வருடக் கணக்குப் போட்டு ஆலை கட்டுகிறவன் இதை நம்பி எப்படி இடம் தேர்ந்தெடுப்பான்?

நம்ம எல்லையில் நிலைமை இன்னும் வேறு. ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். இரண்டு பக்கமும் கம்பெனி வரி ஒன்றுதான், டெல்லி போடுவது. ஜிஎஸ்டிக்கு முன்பு விற்பனை வரியிலாவது வித்தியாசம் இருந்தது, செக்போஸ்ட்டில் லாரிகள் மணிக்கணக்கில் நின்ற காலத்தை ஓசூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2017 ஜூலையோடு அதுவும் போயிற்று. இப்போது எல்லையின் இரு பக்கமும் மாறுவது நில விலை, மின் கட்டணம், தண்ணீர், கூலி, லாரி வந்து போகும் நேரம். முதலீட்டாளர் ஒப்பிட்டுப் பார்ப்பது இவற்றைத்தான்.

"அப்படியானால் உத்தராகண்டுக்கும் இமாசலத்துக்கும் கொடுத்தார்களே, அங்கே வந்ததே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, ஓசூர்க்காரனுக்கு வலிக்கிற கேள்வியும்கூட. 2003-இல் அந்த இரு மாநிலங்களுக்கும் டெல்லி ஒரு பெரிய சலுகைத் தொகுப்பைக் கொடுத்தது. புதிய ஆலைக்குப் பத்து ஆண்டுகள் கலால் வரி கிடையாது, முதல் ஐந்து ஆண்டு லாபத்துக்கு வருமான வரியே கிடையாது, அடுத்த ஐந்து ஆண்டு கம்பெனிகளுக்கு 30 சதவீதக் கழிவு. ஓசூரை வளர்த்த மூன்று பெயர்களும் அங்கே போயின. அசோக் லேலண்ட் பந்த்நகரில் ஆலை கட்டியது, டி.வி.எஸ். இமாசலத்தின் நாலாகட்டில், டைட்டனும் உத்தராகண்டில் கடிகாரம் கோர்க்கும் ஆலைகளைத் திறந்தது. அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்படி ஒரு சலுகை இருக்கும்போது போகாமல் இருந்தால் பங்குதாரர்கள் கேள்வி கேட்பார்கள். அந்த ஆலைகளில் பல இன்னும் நிற்கின்றன, அங்குள்ள இளைஞர்களுக்கு வேலையும் கிடைத்திருக்கிறது, அதை மறுக்கவும் கூடாது.

ஆனால் அங்கேயும் எந்த இடத்தில் வந்தன என்று பாருங்கள். உத்தராகண்டில் பந்த்நகர், ஹரித்வார், டேராடூன், அதாவது சமவெளியும் அதை ஒட்டிய அடிவாரமும். இமாசலத்தில் பத்தி, நாலாகட் என்ற ஊர்கள், சண்டிகருக்கு எட்டும் தூரத்தில். குறிப்பிட்ட சில தொழில்களுக்கு மலைப் பகுதியிலும் அதே சலுகை இருந்தது, அங்கே ஆலை பெரிதாக ஏறவில்லை. இன்றைக்கும் ஆட்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கீழே இறங்கிக்கொண்டிருக்கிறார்கள், ஆளில்லாக் கிராமங்கள் அங்கே பெரிய பிரச்சினை. நம்ம ஓசூரும் பென்னாகரமும் கதைதான். சலுகை பரவலாகப் பொழிந்தாலும், ரோடும் சந்தையும் இருக்கிற பள்ளத்தில்தான் போய்த் தேங்குகிறது. இன்னொரு செலவும் உண்டு. நாட்டில் எங்கோ ஒரு இடத்தில் வந்திருக்க வேண்டிய ஆலை வேறொரு இடத்தில் வந்தது, அவ்வளவுதான். ஒரு மாநிலத்துக்கு அது வளர்ச்சி, நாட்டின் கணக்கில் பெரும்பாலும் இடமாற்றம், நடுவில் வரி வருமானம் போனது மட்டும் நிச்சயம்.

நாடு முழுக்கக் குறைத்தபோதாவது தனியார் முதலீடு பாய்ந்ததா? 2019 செப்டம்பர் 20 அன்று நிர்மலா சீதாராமன் கம்பெனி வரியை 30-லிருந்து 22-க்கு இறக்கினார், புதிதாக உற்பத்தி தொடங்கும் கம்பெனிக்கு 15. ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருமானம் குறையும் என்று அரசே சொன்னது. 15 சதவீத வாய்ப்பு 2024 மார்ச் 31-க்குள் உற்பத்தி தொடங்கியவர்களோடு முடிந்துவிட்டது. பலன் பற்றி அரசின் சொந்தப் பொருளாதார ஆய்வறிக்கை, 2023-24 ஆண்டுக்கானது, என்ன சொன்னது தெரியுமா? 2020 நிதியாண்டுக்கும் 2023-க்கும் இடையில் கம்பெனிகளின் வரிக்கு முந்தைய லாபம் ஏறக்குறைய நாலு மடங்கானது, ஆள் எடுப்பதும் சம்பளமும் அதோடு சேர்ந்து வளரவில்லை என்று. லாபம் கையில் இருந்தால் மட்டும் யாரும் புது லைன் போடுவதில்லை, ஆர்டர் இருந்தால்தான் போடுவார்கள். பட்டறையில் இருப்பவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாநில அரசு கையைக் கட்டிக்கொண்டு இருப்பதாகவும் நினைக்க வேண்டாம். நிலத்தில் தள்ளுபடி, முதலீட்டு மானியம், மின்சார வரி விலக்கு, முத்திரைத் தீர்வைச் சலுகை, மாநில ஜிஎஸ்டியைத் திருப்பித் தருவது என்று தன் கையில் இருப்பதையெல்லாம் கொடுக்கிறது. போச்சம்பள்ளியில் ஓலாவின் ஸ்கூட்டர் ஆலை வந்ததும் இப்படிப்பட்ட போட்டிக்கு நடுவில்தான். ஆனால் ஜிஎஸ்டி பொருள் விற்கிற இடத்துக்குப் போகிற வரி. போச்சம்பள்ளியில் செய்த ஸ்கூட்டரை லக்னோவில் ஒருவர் வாங்கினால் மாநிலப் பங்கு உத்தரப் பிரதேசத்துக்கு. ஆலைக்கு ரோடு, தண்ணீர், மானியம் கொடுத்தது நாம். இதில் மாநிலங்கள் ஒன்றோடொன்று ஏலம் கேட்பது வேறு. ஓசூரில் ஆலை வைத்திருக்கும் ஏதர் நிறுவனம் 2024-இல் தன் அடுத்த ஆலைக்கு மகாராஷ்டிராவைத் தேர்ந்தெடுத்தது.

இத்தனையும் பெரிய கம்பெனிகளின் கதை. என் கவலை அதற்குக் கீழே இருப்பவர்களைப் பற்றியது. ஓசூர் சிட்கோ தொழிற்பேட்டையில் நாலு லேத்தும் கம்ப்யூட்டரில் ஓடும் ஒரு சி.என்.சி. மெஷினும் வைத்திருக்கும் பட்டறை, பர்கூர் பக்கம் கிரானைட் அறுக்கும் யூனிட், கிருஷ்ணகிரியைச் சுற்றி பெங்களூரா மாங்காயை வாங்கிக் கூழாக்கும் ஆலை. இவற்றில் பெரும்பாலானவை கம்பெனியே கிடையாது. தனி ஆள் பெயரிலோ, அண்ணன் தம்பி கூட்டாகப் பார்ட்னர்ஷிப்பிலோ நடப்பவை. கம்பெனி வரியைப் பூஜ்ஜியமாக்கினாலும் இவர்களுக்கு ஒரு காசு மிச்சமாகாது.

பார்ட்னர்ஷிப்புக்கு வரி எவ்வளவு தெரியுமா? 30 சதவீதம், செஸ் சேர்த்து 31.2. பல ஆயிரம் கோடி புரளும் கம்பெனி கட்டுவது 25.17, அதற்குப் போல்ட் கடைந்து கொடுக்கும் அண்ணன் தம்பி கட்டுவது 31.2. நேர்மையாகச் சொன்னால் இந்த ஒப்பீட்டில் ஒரு நெளிவு உண்டு. பார்ட்னர் தன் பங்கு லாபத்தை வீட்டுக்கு எடுத்துப் போனால் அதற்கு மறுபடி வரி இல்லை, கம்பெனியில் டிவிடெண்டாக எடுத்தால் எடுப்பவர் கையில் இன்னொரு முறை வரி விழும். பார்ட்னர்கள் எடுக்கும் சம்பளத்தையும் ஓர் அளவு வரை செலவாகக் காட்டலாம். ஆனால் லாபத்தை வீட்டுக்கு எடுக்காமல் இன்னொரு மெஷின் வாங்கத் தொழிலிலேயே விடுகிறவன் கதி? கம்பெனியாக இருந்தால் 25 ரூபாய் போகும், பார்ட்னர்ஷிப்பாக இருந்தால் 31 ரூபாய் போகும். தொழிலை வளர்க்கப் பார்ப்பவனுக்குத்தான் இங்கே அடி. கம்பெனியாக மாற்றிவிடேன் என்று ஆடிட்டர் சொல்வார், அதற்கான செலவையும் ஆண்டு முழுக்க இருக்கும் படிவ வேலையையும் பார்த்து அண்ணன் தம்பி தள்ளிப்போடுவார்கள்.

அப்புறம், லாபம் வந்தால்தானே லாபவரி. மாங்கூழ் ஆலைக்கு முந்தைய வருடச் சரக்கு தேங்கிவிட்டால் அந்த ஆண்டு வரியே இருக்காது, ஏனென்றால் லாபமே இருக்காது. 2025 சீசனில் பெங்களூரா விலை சரிந்து விவசாயிகள் பட்ட பாட்டைப் பார்த்தோம். அந்த வருடத்தில் வரிச்சலுகையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆனால் நஷ்டத்திலும் கட்ட வேண்டியவை இருக்கின்றன. 2022 செப்டம்பரில் மின் கட்டணம் மாறியபோது நிலைக்கட்டணம் ஏறியது, மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது வரும். அதை எதிர்த்து 2023 செப்டம்பரில் மாநிலம் முழுக்கச் சிறு தொழில்காரர்கள் ஒரு நாள் ஷட்டரை இறக்கினார்கள். இது டெல்லி கையில் இல்லை, நம்ம மாநிலத்தின் கையிலேயே இருக்கிற விஷயம்.

ஆகவே என்னிடம் கேட்டால், மாவட்டத்துக்குக் கம்பெனி வரி விலக்கு என்ற கோரிக்கையை விட்டுவிட்டு வேறு மூன்றைப் பிடிப்பேன். ஒன்று, சிறு பட்டறைகளுக்கு நிலைக்கட்டணத்தை அனுமதி வாங்கிய மின் லோடுக்குப் பதிலாக உண்மையில் ஓட்டிய லோடுக்குப் போடச் சொல்வது. இரண்டு, ரயில். மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு வெள்ளைக்காரன் காலத்தில் சின்ன ரயில் ஓடியது, இரண்டாம் உலகப்போர் சமயத்தில் பிடுங்கினார்கள், அதைத் திரும்பப் போட 2019-இல்தான் அடிக்கல் நாட்டினார்கள். கிருஷ்ணகிரி ஒரு மாவட்டத் தலைநகரம், அங்கே இன்னும் ரயில் நிலையமே இல்லை. அரூரில் ஆலை போட நினைக்கும் ஒருவருக்குப் பத்து ஆண்டு வரி விலக்கைவிடச் சரக்கு ரயிலுக்கு எட்டும் ஒரு தண்டவாளம் அதிகம் உதவும், விலக்கு முடிந்த பிறகும் தண்டவாளம் அங்கேயே கிடக்கும்.

மூன்றாவது டெல்லியிடம் கேட்க வேண்டியது, வரி பற்றியதுதான். தொழிலில் திருப்பிப் போடும் லாபத்துக்காவது பார்ட்னர்ஷிப் நிறுவனங்களுக்கும் கம்பெனிக்கு உள்ள அதே 22 சதவீதத்தைக் கொடுங்கள் என்பது. இதற்குத் தருமபுரி என்றோ கிருஷ்ணகிரி என்றோ தனிப் பட்டியல் வேண்டாம், நாடு முழுக்கக் கொடுக்கலாம். ஓசூர் சிட்கோவில் எத்தனை பட்டறை வாசலில் அண்ணன் பெயரும் தம்பி பெயரும் சேர்ந்த போர்டு தொங்குகிறது என்று ஒருமுறை நடந்துபோய் எண்ணிப் பாருங்கள்.